எடையும் அறிவும்: விண்கலப் பொருளாராய்ச்சியைக் குறித்து

உதகமண்டலத்திலிருந்து அவலாஞ்சியை நோக்கிச் செல்வார், நகரத்தைக் கடந்து சில கல் தொலைவு சென்றபின் முத்தொரை என்னும் ஊர்ப்பக்கத்தை அடைவர். ஆங்கே ஒரு மலைச்சரிவின்மேல், தெற்கு வடக்காக 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உடையதாய் வான்நோக்கிக் கிடக்கும் பெருங்கருவி ஒன்று உண்டு. அதுவே உதகை வானொலித் தொலைநோக்கி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த கோவிந்த் சுவரூப் என்னும் அறிஞரும் அவர்தம் இளந்தோழர்களும் எண்ணி அமைத்த இக்கருவி 1970-இல் பணி தொடங்கியது.

இக்கருவியை முதன்முறை காணும் மாணவன் ஒரு சிறு ஏமாற்றம் அடைதல் கூடும். கண்ணாடி போல் மின்னும் பெரியதோர் உலோகத் தகட்டை அவன் எதிர்பார்த்திருப்பான். தகடு ஆங்கு இல்லை. வளைவான 24 சட்டங்களும், அவற்றின்மீது நெடுக இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய துருவேறா எஃகுக் கம்பிகளுமே உள்ளன. கம்பி ஒவ்வொன்றின் விட்டமும் 0.38 மில்லிமீட்டர்தான். கம்பிக்கும் கம்பிக்கும் இடையே ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் வெளி. இவ்வளவு ஓட்டையான பொருள் விண்ணிலிருந்து வரும் அலையை எங்ஙனம் தடுத்துத் திருப்பும்?

விடை எளிது. இக்கருவி ஏற்கும் வானொலி அலையின் நீளம் ஏறத்தாழ 92 சென்டிமீட்டர். அவ்வலைக்கு மூன்று சென்டிமீட்டர் இடைவெளி ஓர் இடைவெளியாகவே தோன்றாது. கம்பி வரிசை முழுத்தகடே போல அதனைத் திருப்பிவிடும். காற்றோ கம்பிகளின் ஊடே புகுந்து போய்விடும். தகடு வேய்ந்திருப்பின் அதன் எடையையும் அதன்மேல் மோதும் மலைக்காற்றின் விசையையும் தாங்குதற்குச் சட்டங்களைப் பன்மடங்கு தடிப்பாகச் செய்ய நேர்ந்திருக்கும். அலையின் இயல்பை நன்கறிந்தமையால் இரும்பைக் குறைத்தனர். இன்னொன்றும் செய்தனர். இவ்விடத்தின் அட்சரேகை ஏறத்தாழ 11 பாகை. சரிவும் அதே அளவினதாகிய ஒரு மலையைத் தேடிக் கருவியை அதன்மேற் கிடத்தினர். அதனால் கருவியின் நெடிய அச்சு பூமியின் அச்சுக்கு இணையாய் நிற்கின்றது. அதை ஒரே அச்சின்மேற் சுழற்றி ஒரு விண்மீனை நாளொன்றில் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் தொடரலாம். மற்றோர் அச்சுக்குரிய பொறிகளும் அவற்றின் எடையும் மிச்சமாயின.

எடைக்கு ஈடாக அறிவைக் கொடுத்தல் என்னும் இவ்வாணிகமே விண்ணுக்குச் செல்லும் கலங்களைப் பற்றிய பொருளாராய்ச்சி முழுவதற்கும் உயிர்நிலை. அதனை மாணவ நண்பர்கட்கு இயன்றவரை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவலாஞ்சியின் மழை

முத்தொரையைக் கடந்து அவலாஞ்சிக்குச் செல்வோம். இவ்வூரின் பெயரே ஒரு வீழ்ச்சியின் நினைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கு நிகழ்ந்த பெரியதொரு நிலச்சரிவினால், பனிச்சரிவைக் குறிக்கும் தம் மொழிச் சொல்லை ஆங்கிலேயர் இவ்விடத்திற்கு இட்டனர். அச்சொல் தமிழ் நாவிற் புகுந்து அவலாஞ்சி ஆயிற்று. 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 8-ஆம் நாளோடு முடிந்த 24 மணி நேரத்தில் இங்குப் பெய்த மழை 82 சென்டிமீட்டர். சென்னை மாநகர் ஓராண்டு முழுதும் சராசரியாகப் பெறும் மழையில் பாதிக்கு மேற்பட்டதை இம்மலையூர் ஒரே நாளில் பெற்றது.

இத்தகைய இடத்தில் ஒரு பாலத்தையோ தாங்குசுவரையோ கட்டுவோன் சராசரி மழையை நம்பிக் கட்டலாகாது. என்றோ ஒரு நாள் வரும் பெருமழையே அவன் கட்டடத்தைச் சோதிக்கும். ஆதலின் அவன் தன் கணக்கில் வந்த சுமையைப் போல் இரு மடங்கோ மும்மடங்கோ தாங்குமாறு கட்டுகின்றான். பாரந் தூக்கும் கம்பிக் கயிறுகளுக்கு ஐந்து மடங்கு வலிமை வைப்பது வழக்கம். இதனைக் காப்பு மடங்கு என்று கூறலாம். ஒருவகையில் இஃது அறியாமைக்கு நாம் செலுத்தும் வரி. எவ்வளவு சுமை வரும், பொருள் எவ்வளவு தாங்கும் என்பவற்றைத் திட்டமாய் அறியாதவிடத்துக் கல்லையும் இரும்பையும் மிகுதியாக அடுக்கி நெஞ்சம் ஆறுகின்றோம். தரையில் அவ்வரியைச் செலுத்துதல் இயலும். செலவு மிகும், அவ்வளவே. விண்கலத்தில் அவ்வரியைச் செலுத்தினால் கலம் எழவே எழாது.

எடையின் விலை

மயிலிறகேயாயினும் அளவு கடந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் அறிவுறுத்தியது அரசர்க்கு. இராக்கெட்டுக் கட்டுவோர்க்கும் அதைவிடப் பொருத்தமான அறிவுரை கிடையாது. பூமியை அணுக்கமாகச் சுற்றிவர வேண்டிய கோள் விநாடிக்கு ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டர் வேகம் பெறல் வேண்டும். அவ்வேகத்தை ஊட்டும் எரிபொருளையும் இராக்கெட்டே சுமந்து செல்கின்றது. எரிபொருளைச் சுமப்பதற்கு மேலும் எரிபொருள், அதனை அடைக்கும் கலத்திற்காக இன்னும் எரிபொருள் என்று கணக்கு வட்டிக்கு வட்டி போல் வளரும்.

நம் நாடு முதன்முதல் ஒரு கோளைத் தன் முயற்சியால் விண்ணில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 என்னும் இராக்கெட்டை எடுத்துக்கொள்க. அதன் உயரம் 22 மீட்டர். புறப்படும்போது எடை 17 டன். அது சுமக்கவல்ல கோளின் எடையோ 40 கிலோகிராம். அஃதாவது, கோளின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 400 கிலோகிராமுக்கு மேற்பட்ட இராக்கெட்டு வேண்டியிருந்தது. இதன் இறுதி நிலையிலுள்ள கூட்டில் ஒரு கிலோகிராம் குறைத்தால் அவ்வொரு கிலோகிராமும் அப்படியே கோளுக்குக் கிடைக்கும். மிகுத்தால் கோள் அவ்வளவு குறையும். ஆதலின் இத்துறையில் காப்பு மடங்கு 1.25 அல்லது 1.4 என்னும் அளவிலேயே நிற்கின்றது. வரவேண்டிய சுமைக்கு மேல் கால்பங்கு வலிமையே இருப்பு. அந்தக் கால்பங்கை நம்பி ஒரு நாட்டின் உழைப்பையும், சில வேளைகளில் மனித உயிரையும் ஏற்றி அனுப்ப வேண்டுமாயின், பொருளைப் பற்றிய அறிவு எவ்வளவு நுட்பமாய் இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இழையின் வலிமை

எடை குறைந்து வலிமை மிக்க பொருளை எங்குத் தேடுவது? இதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சி, முப்பது வயது நிரம்பாத ஓர் இளைஞர் செய்தது. ஏ. ஏ. கிரிபித் என்னும் அவர் இங்கிலாந்தில் பார்ன்பரோ நகரத்து விமான ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர். கண்ணாடியின் அணுக்களை இணைக்கும் விசையைக் கணக்கிட்டால் அது மிக்க வலிமையுடையதாய் இருத்தல் வேண்டும். உண்மையிலோ எளிதில் நொறுங்குகின்றது. இம்முரண்பாட்டிற்குக் காரணம் கண்ணாடியின்மேல் உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கீறல்களே என்று அவர் கருதினார். கீறலின் முனையில் விசை குவிகின்றது; அங்கிருந்து பிளவு ஓடுகின்றது. இக்கருத்தைச் சோதிக்கக் கண்ணாடியை உருக்கி மேன்மேலும் மெல்லிய இழைகளாக இழுத்து அறுத்துப் பார்த்தார். இழை மெலிய மெலிய, அதன் குறுக்குப் பரப்பிற்கேற்ற வலிமை உயர்ந்தது. அவர் சோதித்தவற்றுள் மிக மெல்லிய இழை, பருத்த கோலைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு வலிமை காட்டியது. மெல்லிய இழையில் பெரிய கீறலுக்கு இடமில்லை அன்றோ? 1921-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சி, பொருள்கள் முறிவதைப் பற்றிய இற்றைநாள் அறிவுக்கெல்லாம் தொடக்கமாயிற்று.

ஆனால் தனியிழை இழுவையைத் தாங்குமேயன்றி அமுக்கத்தைத் தாங்காது. ஆகவே பல்லாயிரம் இழைகளை ஒருங்கே அடுக்கிப் பிசினில் தோய்த்து இறுகச் செய்கின்றனர். ஓரிழை அறுந்தால் அதன் சுமையைப் பிசின் பக்கத்து இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கும். பிளவும் இழையின் எல்லையில் தடைப்படும். கண்ணாடியிழை, கெவ்லார் என்னும் செயற்கையிழை, கரியிழை ஆகியவை இவ்வாறு பயன்படுகின்றன. எஃகின் அடர்த்தி நீரைப்போல் ஏறத்தாழ 7.8 மடங்கு, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 மடங்கு, கரியிழைக் கலப்புப் பொருளின் அடர்த்தியோ ஏறத்தாழ 1.6 மடங்கே.

இக்கருத்து நீலகிரிக்குப் புதியதன்று. தோடர்தம் பழைய குடிலைப் பார்த்தோர், மூங்கிலை வில்லாக வளைத்துப் பிரம்பாற் பிணித்துப் புல் வேய்ந்த அக்கூரையின் அமைப்பை மறவார். மூங்கிலும் இழைகளால் ஆனதே; அதன் இழைகள் ஓடும் திசையிலேயே சுமையும் ஓடுமாறு வளைத்தது அம்மக்களின் அறிவு. மலைப்பாறைகளில் குறும்பர் எடுக்கும் தேனடையும் ஒரு பாடம் கற்பிக்கின்றது. மெல்லிய மெழுகுச் சுவர்கள் அறுகோணமாய்க் கூடி, தம் எடையைப் போற் பன்மடங்கு தேனைத் தாங்குகின்றன. கோள்களின் பலகைகள் பலவும் இவ்வாறே அமைந்தவை. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே அலுமினியத் தேனடை ஒன்றை வைத்து ஒட்டுவர். தகடுகள் ஒன்றையொன்று விலகி நிற்குந்தோறும் வளையாமை விரைந்து மிகும். விலக்கம் இரட்டித்தால் வளையாமை ஏறத்தாழ நான்கு மடங்காகும். எடையோ சிறிதே கூடும்.

இழையை எத்திசையில் வைப்பது என்பதும் ஒரு கணக்கே. இராக்கெட்டின் எரிகலத்தை உள்ளழுத்தம் மிக்க ஒரு குழாயாகக் கருதுக. அழுத்தத்தை ஆரத்தாற் பெருக்கிச் சுவரின் தடிப்பால் வகுத்தால் குழாயின் சுற்றுவாட்டில் எழும் தகைவு கிடைக்கும். நெடுக்குவாட்டில் எழுவது அதிற் சரிபாதியே. எனவேதான் வெடிக்கும் குழாய்கள் பெரும்பாலும் நெடுக்கே பிளக்கின்றன. எஃகுக்கு எத்திசையும் ஒன்றே. சுற்றுவாட்டிற்கு வேண்டிய தடிப்பை வைத்தால் நெடுக்குவாட்டில் பாதி வலிமை வீணாய் நிற்கும். இழையையோ நாம் விரும்பிய கோணத்தில் சுற்றலாம். சுற்றுவாட்டு வலிமை நெடுக்குவாட்டு வலிமையைப் போல் சரியாக இரு மடங்காய் அமைய வேண்டுமாயின், இழைக்கும் குழாயின் அச்சுக்கும் உள்ள கோணத்தினது டேன்ஜெண்டின் வர்க்கம் 2 ஆதல் வேண்டும். அக்கோணம் ஏறத்தாழ 55 பாகை. கணிதம் கற்கும் மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

தும்பாவில் ஓர் இளைஞர்

இனி, இவ்வறிவு நம் நாட்டில் வேரூன்றிய வரலாற்றைச் சிறிது காண்போம். அது மிஷன் பள்ளி, கல்லூரிகளோடு தொடர்புடையது என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. 1931-இல் இராமேசுவரத்திற் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப்பள்ளியிலும், பின்னர்த் திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியிலும் பயின்று, சென்னைக் குரோம்பேட்டைத் தொழில்நுட்பக் கழகத்தில் விமானப் பொறியியல் கற்றவர். திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் இராக்கெட்டு நிலையம் அமைக்க இடம் வேண்டியபோது, ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைராவும் அவ்வூர் மக்களும் தங்கள் மரிய மதலேனாள் ஆலயத்தையும் சுற்றியிருந்த நிலத்தையும் விட்டுக்கொடுத்தனர். அவ்வாலயமே விஞ்ஞானிகளின் முதற் பணியிடமாயிற்று. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ஆராய்ச்சி இராக்கெட்டு எழுந்தது. அந்த இராக்கெட்டு அமெரிக்காவில் செய்யப்பட்டது.

பிறர் செய்த இராக்கெட்டை ஏவுதல் வேறு. தாமே ஒன்றைச் செய்தல் வேறு. பொருள் வேண்டும், பொருளைச் சோதிக்கும் வகை தெரிதல் வேண்டும். இழையும் பிசினும் கலந்த புதுப்பொருளைப் பற்றித் தும்பாவில் தொடங்கிய பணியில் கலாம் தம் இளமையாண்டுகளிற் பலவற்றைச் செலவிட்டார். எஸ்.எல்.வி.-3 உருவானபோது அவரே அதன் திட்ட இயக்குநர். நான்கு நிலைகளைக் கொண்ட அவ்விராக்கெட்டில் கீழிரு நிலைகளின் எரிகலங்கள் எஃகினால் ஆனவை. எடையின் விலை மிக உயர்ந்த மேலிரு நிலைகளுக்கோ இழைக் கலப்புப் பொருளே கைக்கொள்ளப்பட்டது. மேலே கூறிய கணக்கை நினைவுகூர்வார்க்கு இதன் காரணம் விளங்கும்.

1979 ஆகஸ்டு 10-ஆம் நாள் அது முதன்முறை ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து ஏவப்பட்டது. முதல் நிலை நன்கு பணியாற்றியது. இரண்டாம் நிலையின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு பழுதுற்றமையால் இராக்கெட்டு சில நிமிடங்களிற் கடலில் வீழ்ந்தது. பதினேழு டன் எடையுள்ள உழைப்பு ஒரு சிறு வால்வினால் அழிந்தது. அவ்வறிஞர்கள் ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு, பழுதின் காரணத்தை ஆராய்ந்து பதிவு செய்து திருத்தினர். ஓராண்டு நிரம்புமுன், 1980 ஜூலை 18-ஆம் நாள், 35 கிலோகிராம் எடையுள்ள ரோகிணி என்னும் கோள் பூமியைச் சுற்றத் தொடங்கியது.

இவ்வெற்றியினும் உருக்கமான பயன் ஒன்று உண்டு. 1990-களில் ஐதராபாத்து நிஜாம் மருத்துவ நிலையத்தில், இளம்பிள்ளை வாதத்தாற் கால் தளர்ந்த சிறுவர் சிறுமியர் மூன்று கிலோகிராமுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளைக் கட்டிக்கொண்டு காலை இழுத்து இழுத்து நடப்பதைக் கலாம் கண்டார். ஏவுகணைகளுக்காக ஆராய்ந்த கலப்புப் பொருளைக் கொண்டு 300 கிராம் எடையில் தாங்கி செய்து தரப்பட்டது. அக்குழந்தைகள் நடந்த காட்சியைத் தம் வாழ்வின் பெருமகிழ்ச்சிகளுள் ஒன்றாக அவர் பல மேடைகளிற் கூறியதுண்டு. எடையைக் குறைக்கும் கலை விண்ணுக்கு மட்டும் உரியதன்று என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

வெப்பமும் குளிரும்

வலிமை ஒன்றே போதாது. பூமிக்கு அணுக்கமாகச் சுற்றும் கோள் ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொருமுறை வெயிலையும் நிழலையும் மாறிமாறி அடைகின்றது. ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியக் கோல் 100 பாகை சூடேறினால் இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மிகுதியாக நீளும். தொலைநோக்கியைத் தாங்கும் சட்டம் இவ்வாறு நீண்டு சுருங்கின் படம் தெளியுமா? கரியிழைக்கு ஓர் அரிய இயல்புண்டு: சூடேறினால் நெடுக்குவாட்டில் அது நீளாமல் மிகச் சிறிது சுருங்கும். பிசினோ நீளும். இவ்விரண்டையும் தக்க கோணங்களில் அடுக்கினால் ஒன்றையொன்று ஈடுசெய்து, ஏறத்தாழ நீளமே மாறாத பொருள் கிடைக்கும்.

எரிவாயு வெளிப்படும் கூம்பின் நிலை இன்னும் கடினம். பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டின் நான்காம் நிலையில் அக்கூம்பு நெடுநாளாகக் கொலம்பியம் என்னும் கனத்த உலோகக் கலவையால் செய்யப்பட்டு வந்தது. அதற்கு மாற்றாக, கரியிழையைக் கரியாலேயே பிணைத்த கூம்பு ஒன்றைத் திருவனந்தபுரம் விக்கிரம் சாராபாய் விண்வெளி மையத்தார் ஆக்கினர். கரி வெப்பத்தைத் தாங்கும். ஆயின் பிராணவாயு பட்டால் எரிந்துபோம். அதனைத் தடுக்கச் சிலிக்கன் கார்பைடு பூச்சு இட்டனர். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் 2024 மார்ச்சு 19-ஆம் நாள் 60 விநாடியும், ஏப்பிரல் 2-ஆம் நாள் 200 விநாடியும் எரித்துச் சோதித்தபோது கூம்பு ஏறத்தாழ 940 சென்டிகிரேடு பாகை வரை சூடேறியும் சிதையாது நின்றது. எடை ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்தமையால், இராக்கெட்டு 15 கிலோகிராம் மிகுதியாகச் சுமக்க வழி பிறந்தது.

தொடக்க ஆராய்ச்சியாளரின் கடமை

இவற்றையெல்லாம் படிக்கும் மாணவர், "இவை பெரியோர் செய்யும் செயல்கள், நம்மால் ஆவதென்ன?" என்று எண்ணுதல் வேண்டா. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் ஆக்கிய அனுசாட்டு என்னும் 40 கிலோகிராம் கோள் 2009 ஏப்பிரல் 20-ஆம் நாள் விண்ணை அடைந்தது. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த பதினெட்டு வயது இளைஞர் ஒருவரும் அவர் தோழரும் கரியிழை கலந்த பிளாஸ்டிக்கினால் கூடு அமைத்த, 64 கிராம் எடையே உள்ள கலாம்சாட்டு என்னும் சிறு கருவி 2017 ஜூன் 22-ஆம் நாள் அமெரிக்காவின் வாலப்சுத் தீவிலிருந்து ஓர் ஆராய்ச்சி இராக்கெட்டில் ஏறிச் சென்று மீண்டது. இளைஞராயிருந்த கலாம் பயிற்சி பெற்ற இடங்களுள் அத்தீவும் ஒன்று.

ஆயினும் இத்துறையிற் புகும் இளைஞர் முதலாண்டுகளிற் செய்யும் பணி இத்தகைய புகழ் தருவதன்று. இழையையும் பிசினையும் கலந்து சிறு துண்டுகள் செய்தல், அவற்றைப் பொறியில் மாட்டி இழுத்து முறித்தல், முறிந்த சுமையைக் குறித்தல், மீண்டும் செய்தல் என்று நாட்கள் கழியும். சலிப்பூட்டும் இவ்வேலையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம்.

இருவர் தனித்தனியே பத்துத் துண்டுகள் செய்து முறிக்கின்றனர் என்று கொள்க. இருவருக்கும் சராசரி வலிமை 100. ஒருவருடைய துண்டுகள் 95 முதல் 105 வரையிலும், மற்றவருடையவை 70 முதல் 130 வரையிலும் முறிந்தன. சராசரியைப் பார்ப்பார்க்கு இருவரும் ஒப்பர். கலத்தைக் கட்டுவோனோ சராசரியை நம்பான். அவலாஞ்சியிற் பாலங் கட்டுவோன் சராசரி மழையை நம்பாதது போலவே, அவன் மிகத் தாழ்ந்த எண்ணைத்தான் நோக்குவான். எனவே இரண்டாமவர் பொருளை முதலாமவர் பொருளினும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தடிப்பாக வைக்க நேரும். உற்று நோக்குக: முதலாமவர் பொருளின் சராசரி வலிமையை அணுவளவும் உயர்த்தவில்லை. பிசினைச் சீராகக் கலந்து, காற்றுக் குமிழியை நீக்கி, சூட்டை ஒரே அளவில் காத்து, ஒவ்வொரு துண்டையும் ஒன்று போல் செய்தார். அவ்வொழுங்கே எடையைக் குறைத்தது. புதியதோர் இழையைக் கண்டுபிடிப்பவர் ஆயிரத்தில் ஒருவர். இவ்வொழுங்கைக் கைக்கொள்ளுதலோ நம் அனைவர்க்கும் இயலும்.

இங்கு ஒரு சோதனை உண்டு. இது பொறியின் சோதனையன்று, மனச்சான்றின் சோதனை. ஒன்பது துண்டுகள் அழகாக 95-க்கு மேல் முறிந்திருக்க, பத்தாவது துண்டு 62-இல் முறிந்துவிடுகின்றது. மாலை நேரமாகிவிட்டது, ஆசிரியர் மறுநாள் அறிக்கை கேட்பார். "கைத்தவறு போலும், அதனை விட்டுவிடலாம்" என்று ஒரு குரல் உள்ளிருந்து எழும். அக்குரலுக்குச் செவிசாய்ப்பவர், தம் குறிப்பேட்டைத் தூய்மையாக்கி, எங்கோ ஒரு கலத்தின் சுவரை மெலியச் செய்கின்றார். அந்த 62 பொய்யன்று. பொருளுக்குள் மறைந்திருந்த ஒரு குறை அன்று வாய்திறந்து பேசியது. துண்டைப் பிடித்த பிடி நழுவியது என்றாவது, பிசின் இறுகவில்லை என்றாவது காரணத்தைக் கண்டு அதனையும் எழுதி வைத்த பின்னரே அவ்வெண்ணை ஒதுக்கலாம். காரணம் தெரியாவிடின் அது நிற்கவே வேண்டும். பெருமழை பெய்த நாளைக் கணக்கினின்று நீக்கிவிட்டு, "எங்கள் ஊரில் மழை அளவானதே" என்று சொல்வதால் மலை சரியாமல் நிற்குமா?

கற்பாறையின்மேல் வீடு கட்டியவனையும் மணலின்மேற் கட்டியவனையும் பற்றிய உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். நல்ல வானிலையில் அவ்விரு வீடுகளுக்கும் வேற்றுமை தோன்றியிராது. மழையே அவற்றைப் பிரித்துக் காட்டியது. தரைமேற் கட்டுவோன் அடித்தளத்தைத் தடிப்பாக்கித் தன் பிழையை ஒருவாறு மூடலாம். விண்கலத்தில் அவ்வாறு மூடுதற்கு இடமில்லை. அங்கு அடித்தளமாய் நிற்பது பெயர் தெரியாத இளைஞர் ஒருவர் என்றோ எழுதிவைத்த எண். அது மெய்யாயின் கலம் நிற்கும்.

இறுதியாக, நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலேயே செய்யத்தக்க ஒரு சிறு பயிற்சியைக் கூறி முடிப்பாம். ஒரே கண்டிலிருந்து தையல் நூலை எடுத்து ஒரே நீளமுள்ள இருபது துண்டுகளாக வெட்டுக. ஒவ்வொன்றையும் தொங்கவிட்டு, தட்டில் எடைக்கற்களைச் சிறுகச் சிறுக ஏற்றி, அறுந்த எடையைக் குறிக்க. பிறகு முன்னதைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள துண்டுகளைக் கொண்டு அவ்வாறே செய்க. நீண்ட துண்டுகள் சராசரியில் குறைந்த எடையிலேயே அறுவதைக் காண்பீர்கள். நூல் நீளுந்தோறும் அதில் ஒரு குறை மறைந்திருக்கும் வாய்ப்பும் மிகுமன்றோ? கிரிபித் கண்ணாடியிற் கண்டது இதன் உடன்பிறப்பே. ஒரு கண்டு நூல், ஒரு தராசு, ஒரு குறிப்பேடு ஆகிய இம்மூன்றும் போதும். இருபது எண்களையும் எழுதுக. அவற்றுள் மிகத் தாழ்ந்ததன்கீழ் ஒரு கோடிடுக, அதனை அழித்துவிடாதீர்கள்.